என் பெயரைத் தாங்கிய பேரனுக்கு

என் மகளுடைய கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தபோது நான் ஒரு வம்சாவளிப் படம் அச்சடித்தேன். ஆறடி உயரம், நான்கடி அகலம். வேர் கீழே, கிளைகள் மேலே, உச்சியில் மகளும் மாப்பிள்ளையும் இரண்டு பூக்களாக. ஃபேரர் பார்க்கில் பேனர் அடிக்கும் கடைக்காரர், "அண்ணே, இது வாசல்ல வெக்கவா, மேடையில வெக்கவா?" என்று கேட்டார். வாசலில் வைத்தால் நேராகப் பந்திக்குப் போகிறவர்கள் கவனிக்க மாட்டார்கள், மேடைதான் என்றேன். வேரில் இருந்தவர் என் கொள்ளுத்தாத்தா. அவருக்குப் படம் எதுவும் இல்லாததால், தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவரை இணையத்தில் தேடி எடுத்துப் போட்டிருந்தேன். அந்தப் பெரியவர் யாரோ எவரோ. ஆனால் மூக்கு அப்படியே என்னைப் போல இருக்கிறது என்று மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நான் ஒரு கப்பல் நிறுவனத்தில் முப்பது ஆண்டுகள் ஆவணம் சரிபார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். தாளில் உள்ள பெயரும் சரக்குக்கு உரியவர் பெயரும் ஒன்றுதானா, ஒன்று என்றால் அதே ஆள்தானா என்று பார்ப்பது என் வேலை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள், அவசரப்படாதே என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்திருக்கிறேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் பெரிய வீடு, சின்ன வீடு என்று இரண்டு கிளைகள் உண்டு. கொள்ளுத்தாத்தா சிராங்கூன் சாலை ஓரத்தில் மாட்டுக் கொட்டகை வைத்துப் பால் விற்றவர். தாலி கட்டிய மனைவி ஒருவர், ஊரிலிருந்து கப்பலேறி இங்கே வந்த பிறகு சேர்த்துக்கொண்ட பெண் ஒருவர். இருவருக்கும் பிள்ளைகள். தாலி கட்டியவரின் வழியில் வந்த நாங்கள் பெரிய வீடு. மற்றவரின் வழியில் வந்தவர்கள் சின்ன வீடு. இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. விசேஷங்களில் யார் முதல் பந்தியில் உட்காருகிறார்கள், யார் பரிமாறுகிறார்கள் என்பதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். என் தாத்தா ஆங்கிலம் படித்து அரசாங்க அலுவலகத்தில் எழுத்தரானார். அந்தப் பக்கத்தார், கொட்டகைகள் போன பிறகு லாரி ஓட்டினார்கள், பிறகு பேருந்து ஓட்டினார்கள்.

சின்ன வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பவர் ஒருவர்தான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். முறைக்கு எனக்கு அண்ணன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்று, ஃபேரர் பார்க்கில் ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறார். அவருடைய அப்பா எனக்குப் பெரியப்பா, அம்மா பெரியம்மா. சின்ன வீட்டுப் பெரியம்மா என்று சொல்வோம். அந்தப் பெயரில் உள்ள கோணல் எங்களில் ஒருவருக்கும் உறைத்ததில்லை.

பெரியம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் கல்யாணம் முடிந்து நானும் மனைவியும் வீட்டு வாசலில் நின்றபோது, அங்கே இருந்த பெண்களில் மூத்தவர் என்ற முறையில் பெரியம்மா ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். என் அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீங்க உள்ள போய் பாயசத்தப் பாருங்கக்கா, அடி பிடிச்சிறப் போவுது," என்றார். பெரியம்மா உடனே போய்ப் பார்த்தார். பாயசம் அடிபிடிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அதற்கு என் அம்மாவைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அதைச் செய்தது நான். மண்டபத்தில் குடும்பப் படம் எடுத்தபோது அண்ணன் நீலச் சட்டையில் மேடையேறி ஓரமாக நின்றார். கழுத்தில் மாலையோடு நான் திரும்பி, "அண்ணே, இது பெரிய வீட்டுப் படம். நீங்க அடுத்ததுல நில்லுங்க," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். அடுத்த படம் என்று ஒன்றை யாரும் எடுக்கவில்லை. இறங்குவதற்குள் படக்காரர் பொத்தானை அழுத்திவிட்டதால், எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தின் இடது ஓரத்தில் இன்றும் ஒரு நீல முழங்கை இருக்கிறது.

பத்திரிகை வைப்பதிலும் எங்களுக்கு ஒரு முறை உண்டு. உறவுக்காரர் வீட்டுக்குக் கணவன் மனைவியாகப் போய், தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமத்தோடு மஞ்சள் தடவிய பத்திரிகையை வைத்துக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால்தான் அழைப்பு. சின்ன வீட்டுக்கு மட்டும் என் தாத்தா காலத்திலிருந்தே தபால். மகள் கல்யாணத்துக்கு நான் அதை நவீனப்படுத்தினேன். பத்திரிகையைப் படம் பிடித்து, கும்பிடும் கை ஒன்றைச் சேர்த்து, அண்ணனுடைய கைப்பேசிக்கு அனுப்பினேன். அவரும் ஒரு கும்பிடும் கையைத் திருப்பி அனுப்பினார்.

பத்திரிகை அடிப்பதற்கு முன்பே எனக்கு வம்சாவளிப் பைத்தியம் பிடித்திருந்தது. சம்பந்தி வீட்டார் மூன்று தலைமுறையாக மருத்துவர்கள். பெண் பார்க்க வந்த அன்று, போட்டி போடுகிற மாதிரி, "நாங்கள் இந்த ஊருக்கு வந்து ஐந்து தலைமுறை. கொள்ளுத்தாத்தாவின் உயிலே கோர்ட்டில் இருக்கிறது," என்று அள்ளி விட்டேன். உயில் இருக்கிறதா என்று அப்போது எனக்கே தெரியாது. அவர்கள், "அப்படியா, பார்க்கணுமே," என்று மரியாதைக்குச் சொன்னார்கள். நான் அதை ஆணையாக எடுத்துக்கொண்டேன். மகள், "அப்பா, அவங்க சும்மா கேட்டாங்கப்பா. ரிலாக்ஸ் லா," என்றாள்.

மறுவாரமே ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே பேனா கூடாது, பென்சில்தான். குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும். பழைய தாள்களைப் படச்சுருளாக எடுத்து வைத்திருக்கிறார்கள். இயந்திரத்தில் மாட்டி, குமிழைத் திருகத் திருக, காலனி ஆட்சிக்கால எழுத்தர்களின் சாய்ந்த கையெழுத்து திரையில் ஓடும். முதல் நாள் தலைகீழாக மாட்டிவிட்டு, அந்தக் காலத்து ஆங்கிலம் புரியவில்லை என்று இருபது நிமிடம் வருந்தினேன். பணியில் இருந்த மலாய்ப் பெண் வந்து, சிரிக்காமல், சுருளைத் திருப்பி மாட்டிவிட்டுப் போனாள்.

பதினெட்டாவது நாள் உயில் கிடைத்தது. உண்மையிலேயே கிடைத்தது. ஆங்கிலத்தில் இரண்டரைப் பக்கம். கடைசியில் 'வாசித்துக் காட்டி, தமிழில் விளக்கப்பட்டது' என்ற குறிப்பு. அதன் கீழே கொள்ளுத்தாத்தா கையெழுத்துக்குப் பதில் போட்ட ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாடுகள் மூத்த மகனுக்கு, வண்டி இளையவனுக்கு என்று எழுதிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில், 'என் வெள்ளி வெற்றிலைப் பெட்டி, என் பெயரைத் தாங்கிய பேரனுக்கு' என்று எழுதவைத்திருந்தார்.

பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். என் அப்பாவுக்கு அவருடைய தாத்தாவின் பெயர்தான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், வீட்டில் அவரை அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, ஏதோ ஒரு செல்லப் பெயர்தான். ஆனால் பிறப்புப் பத்திரத்தில் அந்தப் பெயர்தானே. ஆகவே பெட்டி என் அப்பாவுக்கு எழுதியது. அப்பாவிடம் அப்படி ஒரு பெட்டி இருந்ததில்லை. அப்படியானால் அது எங்கே போயிருக்கும்? நான் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. காப்பகத்தின் படிக்கட்டிலேயே நின்று அண்ணனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். "அண்ணே, கொள்ளுத்தாத்தாவோட வெள்ளி வெத்தலப் பெட்டி உங்ககிட்ட இருக்கா? அது எங்கப்பாவுக்கு எழுதி வெச்சது. உயில்ல இருக்கு. கல்யாணத்துல மேடையில வெக்கணும்." கடைசியில் 'தயவுசெய்து' என்று சேர்த்ததாக நினைவு. பிறகு கேட்டுப் பார்த்தேன், சேர்க்கவில்லை.

சாயங்காலம் பதில் வந்தது. "இருக்கு தம்பி. வாங்க, பாத்துக்குவோம்."

இங்கேதான் என் முப்பது ஆண்டு அனுபவம் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. என் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்தும் அண்ணன் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்தும் ஒன்றுதான். எங்கள் இருவருடைய அப்பாக்களுக்கும் ஒரே பெயர். இது எனக்குத் தெரியாது என்றால் பொய். பெரியப்பா இறந்தபோது நாளிதழில் வந்த அறிவிப்பில் என் அப்பாவின் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டு, பிறகு அட, அவரா என்று மடித்து வைத்தவன் நான். ஆனாலும் உயிலில் அந்த வரியை வாசித்தபோது அந்த மனிதர் என் நினைவுக்கே வரவில்லை. பேரன் என்றால் அது பெரிய வீட்டுப் பேரன்தான். சின்ன வீட்டில் பேரன்கள் இருக்கலாம் என்று என் புத்தி ஒத்துக்கொண்டதே இல்லை.

அண்ணன் வீட்டுக்குப் போகுமுன் இன்னும் ஒரு ஆதாரம் கையில் இருந்தால் நல்லது என்று தோன்றியது. போன வேலை முடிந்தது என்று வீட்டில் இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது, மறுபடியும் காப்பகத்துக்குப் போனேன். உயிலோடு சேர்ந்த நீதிமன்ற வழக்குத் தாள்களைக் கேட்டு வாங்கினேன்.

உயிலில் உள்ள அந்த வரி, கொள்ளுத்தாத்தா இறந்த கையோடு தகராறாகியிருந்தது. ஒரே பெயரில் இரண்டு பேரன்கள் இருக்கிறார்களே, பெட்டி எவனுக்கு என்று நீதிபதியே கேட்டிருக்கிறார். என் தலைக்குள் வராத கேள்வி அந்த வெள்ளைக்காரர் தலைக்குள் வந்திருக்கிறது. அதற்குச் சாட்சியாக என் கொள்ளுப்பாட்டியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் தாத்தாவின் அம்மா. பெயர், வயது, யாருடைய தாய் என்று எல்லாமே சரியாக இருந்தது. இந்த முறை நான் நான்கு தடவை சரிபார்த்தேன். மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

'நான் அவருக்குத் தாலி கட்டிய மனைவி இல்லை. கொட்டகையில் சாணி அள்ள வந்தேன். பிறகு அவரோடு இருந்தேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். என் பேரனுக்கும் அவர் பெயர்தான். அந்தப் பெயரை வைக்கச் சொன்னது அந்த அம்மாதான். பெட்டி அந்த அம்மாவின் பேரனுக்கு. எனக்கு அது வேண்டாம். அவர் இறந்த நாளிலிருந்து அந்த அம்மாதான் எங்களுக்குச் சோறு போடுகிறார். நான் பொய் சொன்னால் அந்தச் சோறு எனக்கு இறங்காது.'

அந்த அம்மா என்பவர் அண்ணனுடைய கொள்ளுப்பாட்டி. தாலி கட்டிய மனைவி அவர்தான். சின்ன வீடு நாங்கள். என் தாத்தாவுக்கு வேலை கிடைத்து, வீடு கட்டி, கார் வாங்கி, எப்போதோ ஒரு பந்தியில் முதலில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு எழுந்திருக்கவே இல்லை. என் கொள்ளுப்பாட்டி கூண்டில் ஏறிப் பேசியது அந்த ஒரு முறைதான். அதிலும் பொய் சொல்லவில்லை. பொய்யெல்லாம் நாங்கள் பிறகு சேர்த்தது.

இயந்திரத்தின் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. மலாய்ப் பெண் வந்து, "அங்கிள், ஓகே ஆ?" என்றாள். குளிர் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

உடனே அண்ணனிடம் ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை. ஓடவில்லை. அச்செடுத்த தாளை நான்காக மடித்து, இன்ஷூரன்ஸ் தாள்கள் இருக்கும் என் காப்புறுதிக் கோப்புக்குள் செருகி வைத்தேன். மொழிபெயர்ப்பாளர் தப்பாக எழுதியிருக்கலாம் என்று, என்றோ செத்துப்போன அந்த மனிதரோடு ஒரு வாரம் மனதுக்குள் சண்டை போட்டேன். அடுத்த வாரம், இதெல்லாம் இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று பெருந்தன்மையாக யோசித்தேன். இத்தனை வருடமும் பார்த்தது நான்தான். மகள் கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று முடிவுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நன்றாகவே தூங்கினேன்.

மனைவி ஏதோ மருத்துவமனைத் தாளைத் தேடிக் கோப்பைத் திறந்தாள். நான் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மேசையில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். "இந்தப் பாட்டிய எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றாள். பிறகு, "உங்க கொள்ளுப்பாட்டின்னு நம்பவே முடியல," என்றாள்.

"கல்யாணம் முடியட்டும்னு பாத்தேன்."

"முடிஞ்சப்புறம் எதுக்குங்க? வெள்ளிக்கிழமையே தேக்கா மார்க்கெட்டுல வெத்தல, பழம் வாங்கிருவோம், சனிக்கிழமை போவோம். பத்திரிகைய நேர்ல வெப்போம். இத நீங்களே அவருக்குப் படிச்சுக் காட்டணும்."

"கல்யாணப் பத்திரிகை பாதி கொடுத்து முடிச்சாச்சு. முதல்ல வெச்சிருக்க வேண்டிய வீடு."

"அதையும் சொல்லுங்க."

சனிக்கிழமை கிளம்பினோம். நாங்கள் இருப்பது சிராங்கூனில். அங்கிருந்து ஃபேரர் பார்க் ரயிலில் நான்கே நிறுத்தம். அந்த நான்கு நிறுத்தத்தைத் தாண்டி அண்ணன் வீட்டுக்கு நான் கடைசியாகப் போனது ஆறு வருடத்துக்கு முன்பு, பெரியம்மா இறந்தபோது. அன்றும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டு வந்தேன். இப்போது ரயிலில் மனைவி மடியில் தட்டு. எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து என்னை உட்காரச் சொன்னார். நான் அவ்வளவு மோசமாகவா தெரிந்தேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அண்ணன் கதவைத் திறந்தார். சட்டைப் பொத்தான் மேலே வரை போட்டு, தலை வாரி, தயாராக இருந்தார். மேசை மேல் வெள்ளி வெற்றிலைப் பெட்டி துணியில் பாதி சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இரத்த அழுத்த மாத்திரைகள், பேருந்து அட்டை, இரண்டு சாவிகள். எங்களுக்குக் கொடுப்பதற்காகப் பெட்டியைக் காலி செய்திருக்கிறார். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் செய்திருக்கிறார்.

"எடுத்துக்கங்க தம்பி," என்றார். "எங்கப்பா குடுத்தது. உயில்ல உங்கப்பாவுக்குன்னு இருந்தா உங்களுதுதான். நமக்குள்ள என்ன."

எனக்கு அப்படியே கீழே இறங்கிப் போய்விடலாம் போல இருந்தது. மனைவி என் முழங்கையை இடித்தாள். தாளை எடுத்தேன். என் கொள்ளுப்பாட்டி சொன்னதை ஒரு வரி விடாமல் தமிழில் வாசித்தேன். 'தாலி கட்டிய மனைவி இல்லை' என்ற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அதையே மறுபடியும் வாசித்தேன். வாசித்து முடித்து, "பெட்டி உங்க அப்பாவுக்குத்தாண்ணே எழுதினது. தாலி கட்டினவங்க உங்க கொள்ளுப்பாட்டி. நாங்கதான் மாத்திச் சொல்லிட்டு இருந்திருக்கோம். அந்தப் போட்டோவுல உங்கள எறங்கச் சொன்னது நான். மன்னிச்சிருங்க," என்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் பாதிதான் வந்தது.

அண்ணன் தாளை வாங்கினார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்தார். கீழே விளையாட்டு மைதானத்தில் யாரோ பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேனா, திட்டுவார் என்று நினைத்தேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை.

"இத எங்கம்மா இருக்கும்போது கொண்டாந்திருக்கலாம் தம்பி," என்றார்.

ஆறு வருடத்துக்கு முன்பும் அந்தத் தாள் அதே குளிரில், நான் போய்க் கேட்டால் எடுத்துத் தர ஆள் இருந்த இடத்தில்தான் இருந்தது. என் மகளுக்கு மருத்துவர் வீட்டில் சம்பந்தம் அமையும்வரை எனக்கு அது தேவைப்படவில்லை.

மனைவிதான் எழுந்தாள். தட்டை என் கையில் ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கம் அவள் பிடித்துக்கொண்டாள். "அத்தான், கல்யாணத்துக்கு நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும். மொதல்ல உங்களுக்கு வெக்க வேண்டிய பத்திரிகை. லேட்டாயிருச்சு," என்றாள். அண்ணன் இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். மேசையில் வைக்கவில்லை. சுவரோரமாக இருந்த சின்னச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் பெரியம்மாவின் படம் மாட்டியிருந்தது. அதன் முன்னால் தட்டை நீட்டிப் பிடித்தார். கடைசிக் காலத்தில் பெரியம்மாவுக்குக் காது மந்தம். அதனால் அண்ணன் படத்துக்கு அருகில் குனிந்துதான் பேசினார்.

"அம்மா, பெரிய வீட்டுலேருந்து வந்திருக்காங்க. நேர்ல வந்து பத்திரிகை வெச்சிருக்காங்க."

"சின்ன வீட்டுலேருந்துண்ணே," என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு படத்தைப் பார்த்து, முதலில் சொன்னதை விட்டுவிட்டு, "அம்மா, சின்ன வீட்டுலேருந்து வந்திருக்காங்க," என்றார். இந்த முறை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.